முதல் பழைய ஸ்போர்ட்ஸ் காராக எம்ஜிபி: பார்த்து வாங்குவதும் ஓட்டிப் பராமரிப்பதும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும், அதை மெக்கானிக்கிடமே விட்டுவிடாமல் நாமும் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று பிரிட்டனில் இருந்துகொண்டு யோசிப்பவருக்கு முதல் வண்டியாக எம்ஜிபியைச் சொல்லலாம். ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 அக்டோபர் வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. அதனால் உதிரிபாகம் கிடைக்காமல் திண்டாடுவது அரிது. கேஸ்கெட்டிலிருந்து முழு பாடி வரை புதிதாகவே கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது பாடியே செய்து விற்கிறது. 1,798 சிசி எஞ்சினில் கையெட்டாத இடம் குறைவு. நான்கைந்து ஸ்பேனர் இருந்தால் வழக்கமான வேலைகளெல்லாம் வீட்டு வாசலிலேயே முடியும்.

அதே காலத்து மற்ற வண்டிகளும் நல்லவைதான், ஆனால் ஒவ்வொன்றிலும் புதியவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் மூட்டுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இபி90 என்ற கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாமல் வருடக்கணக்கில் கிரீஸ் அடித்த வண்டியில் அந்தப் பாகம் தேய்ந்து முறிந்து சக்கரம் மடங்கிவிடும். டிரையம்ஃப் டிஆர்6-ன் கிராங்க் ஷாஃப்ட் திரஸ்ட் வாஷர் தேய்ந்து கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும். எம்ஜி மிட்ஜெட் எளிமையான வண்டி, ஆனால் உயரமானவர் உள்ளே முட்டியை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஜாகுவார் இ-டைப் வேறு செலவு, வேறு உலகம்.

எம்ஜிபியைக் கொல்வது எஞ்சின் கோளாறு அல்ல. இரண்டு விஷயங்கள்தான் கொல்கின்றன: ஒன்று துரு, இன்னொன்று ஓட்டாமல் நிறுத்தி வைப்பது. வாங்கும்போதும் வாங்கிய பிறகும் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடிய வேலை.

எந்த வருட வண்டி?

1964 அக்டோபர் வரை வந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்று பேரிங், அதற்குப் பிறகு ஐந்து. மூன்று பேரிங் எஞ்சின் மிருதுவாகச் சுழலும், ஐந்து பேரிங் எஞ்சின் அதைவிட அதிகம் தாங்கும். 1965-ல் மூடிய கூரையோடு ஜிடி வந்தது. 1967 கடைசியில் வந்த மாற்றங்கள் முக்கியமானவை: நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாசிடிவ் எர்த்துக்குப் பதில் நெகடிவ் எர்த் (பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைகிறது என்பது). 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கருப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். அதனால் வளைவில் வண்டி கொஞ்சம் சாயும். ஆனால் விலை குறைவு.

புதியவர்கள் 1968 முதல் 1974 வரை வந்த குரோம் பம்பர் வண்டியைத் தேடுவது நல்லது. காசு இடித்தால், துருவில்லாத ரப்பர் பம்பர் வண்டியை வாங்குங்கள். துருப்பிடித்த குரோம் பம்பர் வண்டியை அழகுக்காக வாங்கிவிடாதீர்கள். மழையும் குளிரும் உள்ள ஊரில் வருடம் முழுதும் ஓட்ட நினைப்பவருக்கு ஜிடியே பொருத்தம். கூரை இருப்பதால் பாடியும் உறுதியாக இருக்கும்.

சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். ஜிஹெச்என் என்று தொடங்கினால் திறந்த வண்டி, ஜிஹெச்டி என்றால் ஜிடி. அந்த எண்ணும் பதிவுச் சான்றான வி5சி-யில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆலைப் பதிவேட்டிலிருந்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் வாங்கலாம். வண்டி தயாரான தேதி, முதலில் அடித்த நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்பதெல்லாம் அதில் தெரியும்.

துருவைப் பார்ப்பது எப்படி

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். திறந்த வண்டியில் கூரையும் இல்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில் பெட்டிகளும் நடுவில் உள்ள கியர்பாக்ஸ் சுரங்கமும்தான். சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித் தகடு, நடுவே நெட்டாக நிற்கும் தகடு, உள் தகடு, அடியில் காசில் ரெயில் என்று நாலைந்து தகடு சேர்ந்த பெட்டி. வெளித் தகடு பளபளவென்று இருக்க, உள்ளே நடுத்தகடு மக்கிப் போயிருக்கலாம். விற்பவர்கள் அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிடுவதும் உண்டு.

முதலில் கதவைப் பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது அதன் பின் ஓரத்துக்கும் பின் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு வண்டியை ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சுலபமாக மூடிய கதவு இப்போது பிடித்தால் சில் போய்விட்டது. ஜாக்கி வைக்கும்போதே தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல தகட்டில் காந்தம் கவ்விப் பிடிக்கும். பட்டி பார்த்த இடத்தில் வழுக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் மட்கார்டு கீழிறங்கும் முனை, முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் அடிப்பகுதி, கதவின் அடி ஓரம் மூன்றையும் காந்தத்தால் தடவுங்கள். முன் மட்கார்டின் உள்ளே, சக்கரம் வாரியடிக்கும் சேறு ஒரு தடுப்புத் தகட்டின் பின்னால் போய்த் தங்கும். மேற்புறத்தில் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அந்தச் சேறு உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள்.

பிறகு அடியில் படுங்கள். பின் ஸ்பிரிங்கின் முன் முனை பாடியோடு சேரும் இடத்தை டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத்தகடு, இருக்கைக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள் இரண்டையும் பாருங்கள். பேட்டரி அமிலம் அந்தப் பெட்டியைப் பல வண்டிகளில் ஓட்டையாக்கியிருக்கும். பெட்ரோல் டாங்கின் மேற்புறம் டிக்கித் தகட்டை ஒட்டியிருப்பதால் இடையில் ஈரம் தங்கி மேலிருந்து துருப்பிடிக்கும். டாங்கை முழுக்க நிரப்பினால் மட்டும் பெட்ரோல் வாசனை வரும், பாதி இருந்தால் வராது. இப்படி வாசனை வரும் வண்டியில் டாங்க் மாற்ற வேண்டியிருக்கும்.

முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றி மாட்டலாம். சில் மாற்றுவது அப்படியல்ல. முன்பின் மட்கார்டின் அடிப்பகுதிகளைக் கழற்றி, வெட்டிச் செய்ய வேண்டிய வேலை. திறந்த வண்டியில் பழைய சில்லை வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுத்து வெல்டு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வளைந்த நிலையிலேயே புதுச் சில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், கதவு என்றைக்கும் சரியாக மூடாது. டிங்கரிங் பார்ப்பவரிடம் “முட்டு எப்படிக் கொடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஆறிய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐ-க்குக் குறையாமலும், ஐடிலிங்கில் 15 பிஎஸ்ஐ-க்கு மேலும் நின்றால் நிம்மதி. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு பக்கம் தேய்ந்திருக்கிறது. இடைவிடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகுவது இந்த வண்டிகளில் சகஜம், அதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம்.

இரண்டாம் கியரில் சிங்க்ரோ முதலில் தேயும். ஓவர்டிரைவ் (எஞ்சின் வேகத்தைத் தணிக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டி என்றால் நாலாம் கியரில் சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடிக்குள் பிடித்து எஞ்சின் வேகம் தணிய வேண்டும். ஓவர்டிரைவ் இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். நெடுஞ்சாலையில் அது இல்லாமல் நீண்ட தூரம் போவது காதுக்கும் எஞ்சினுக்கும் கஷ்டம்.

முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங், சின்ன வேலை. நிற்காவிட்டால் கிங்பின், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சு, அது பெரிய வேலை. கிரீஸ் அடிக்காத அலட்சியம் முதலில் தெரியும் இடம் இதுதான்.

கம்பிச் சக்கரம் உள்ள வண்டியில் வேறொன்றையும் பார்க்க வேண்டும். பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் ஹப்பிலும் சக்கரத்திலும் உள்ள பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நல்ல பல்லின் தலை தட்டையாக இருக்கும், தேய்ந்த பல் கத்தி முனைபோல் கூராக இருக்கும். சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. பழைய ஹப்பின் கூர்ப்பல் புதுச் சக்கரத்தையும் சில மாதங்களில் தின்றுவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது ‘டப்’ என்று மந்தமாக ஒலிக்கும். இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம், அடுத்தடுத்துத் தளர்ந்திருந்தால் சக்கரத்தை மாற்றுங்கள்.

டயரின் பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பத்து வயது தாண்டிய டயரில் ஓட்டாதீர்கள். ரப்பர் இறுகிப்போய் மழையில் பிடிக்காது.

காகித வேலை

தயாராகி 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே 20 முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபி எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஹிஸ்டாரிக் வகையில் பதிவு செய்தால் சாலை வரியும் இல்லை. ஆனால் அது தானாக மாறாது, வி5சி-யோடு தபால் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை காசு கட்டிச் சோதித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வேறு ஒருவரின் கண் பிரேக் பைப்பைப் பார்ப்பதற்கு அந்தக் காசு தகும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். இல்லையேல் விபத்துக்குப் பின் பழைய கார் விலைதான் தருவார்கள். 1930-ல் தொடங்கிய எம்ஜி கார் கிளப், 1973-ல் தொடங்கிய எம்ஜி ஓனர்ஸ் கிளப் இரண்டில் ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

கருவிகள்

இந்த வண்டியின் நட்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் இல்லை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர் மூன்றும் இருந்தால் பாதி வேலை முடியும். 1/2 அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனரும் போய் உட்காரும், ஆனால் கொஞ்சம் தளர்வாக. இறுக்கமான நட்டில் அதைப் போட்டால் முனை மழுங்கி வழுக்கும். முந்தைய உரிமையாளர்களின் மழுங்கிய நட்டுகள் உங்களுக்கும் கிடைக்கும், அப்போது காரணம் புரியும். ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், டார்க் ரெஞ்ச், டைமிங் லைட் வேண்டும். கம்பிச் சக்கரத்துக்குச் செம்புச் சுத்தியல் வேண்டும். வண்டிக்கு அடியில் போகுமுன் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

வாங்கிய முதல் வாரம்

பழைய உரிமையாளர் எல்லாம் மாற்றியாயிற்று என்று சொன்னாலும், எல்லா ஆயிலையும் திரவத்தையும் நீங்களே மாற்றிவிடுங்கள். அப்போதுதான் எதிலிருந்து கணக்குத் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

எஞ்சின் ஆயில்: ஃபில்டரோடு சேர்த்து சுமார் 4.3 லிட்டர், ஆயில் கூலர் இருந்தால் அரை லிட்டருக்குள் கூடுதல். பழைய வண்டிகளுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் வாங்குங்கள். புதுக் கார்களுக்கான ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைவு. அது இல்லாவிட்டால் இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்டும் டேப்பெட்டும் தேயும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள். பழைய வகைக் குடுவை ஃபில்டர் என்றால், பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்த பிறகே புது வளையம் போட வேண்டும். இரண்டு வளையமும் உள்ளே மாட்டினால் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் ஆயில் முழுதும் தரையில். ஊற்றி முடித்ததும் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடியுங்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை, ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ்: இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கியர்பாக்ஸ் என்றதும் கியர் ஆயில் ஊற்றக் கூடாது. எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் அதே 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். நான்கு சிங்க்ரோ பெட்டிக்கு 3 லிட்டர், ஓவர்டிரைவோடு என்றால் 3.4 லிட்டர். இபி ஆயில் ஊற்றினால் ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் வழுக்கும். பின் அச்சுக்கு மட்டும் இபி90, பின்னாளைய குழாய் வகை அச்சுக்கு 0.85 லிட்டர்.

கிரீஸ்: முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று நிப்பிள், புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒன்று, ஹேண்ட் பிரேக் கேபிளில் ஒன்று. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தில் பாரம் இல்லாத நிலையில் அடியுங்கள். பாரம் இருந்தால் கிங்பின்னின் அழுத்தம் விழும் பக்கத்துக்கு கிரீஸ் போகவே போகாது. பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் விட்டுவிடாமல் புதியது போடுங்கள், விலை அற்பம்.

பிரேக், கிளட்ச்: டாட் 4 திரவம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உள்ளிருந்து சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரைக் குற்றம் சொல்லுமுன் ரப்பர் ஹோஸை மாற்றுங்கள். பழைய ஹோஸின் உட்புறம் வீங்கி, திரவத்தைப் போக விடும், திரும்பி வர விடாது. 1970-களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் விற்ற வண்டிகளில் பிரேக் சர்க்யூட் ஒன்றுதான். ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஆகவே துருப்பிடித்த பைப்பை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். பின் டிரம்மில் சதுர முனை அட்ஜஸ்டர் உண்டு. சக்கரம் இறுகும்வரை அதைத் திருகி, தடையில்லாமல் சுற்றும்வரை ஒரு சொடுக்கு பின்வாங்குங்கள்.

டியூனிங்: வரிசை மாறக் கூடாது

வண்டி சீராக ஓடவில்லை என்றதும் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது பழக்கமாகிவிட்டது. கார்புரேட்டர் கடைசி வேலை. முதலில் வால்வு, அடுத்து இக்னிஷன், அதன் பிறகே கார்புரேட்டர். முதல் இரண்டும் தவறாக இருக்கும்போது கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் சரிவராது.

வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறிய நிலையில், 0.015 அங்குலம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நாலாம் கியரில் வண்டியைத் தள்ளி எஞ்சினைச் சுற்றலாம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். இதில் ஒன்பதுக் கணக்கு என்று ஒன்று உண்டு: எட்டாவது வால்வு முழுக்க அழுந்தித் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, நாலாவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கேஜ் இலேசாக இழுபட்டுக்கொண்டு வர வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை நுழைத்துப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறிவிடும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். பாயிண்ட்டின் குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். பிளக்கில் 0.025 அங்குலம். கேமில் துளி கிரீஸ், ரோட்டருக்கு அடியில் ஒரு சொட்டு ஆயில். ரோட்டர், கண்டென்சர் இரண்டையும் மலிவாக வாங்காதீர்கள். மட்டமான ரோட்டரில் உள்ள ரிவெட் வழியாக மின்பொறி உள்ளே தாவி, எந்த அறிகுறியும் காட்டாமல் வண்டி நடுவழியில் நிற்கும். டைமிங் அளவு வருடத்துக்கு வருடம் மாறும், உங்கள் எஞ்சின் எண்ணுக்குரியதைக் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

இப்போது இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு முழ நீள ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் பிடியுங்கள். ‘உஸ்ஸ்’ என்ற காற்றொலி இரண்டிலும் ஒரே அளவில் வரும்வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். பிறகு ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கணநேரம் எழும்பி அடங்கினால் கலவை சரி. எழும்பி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தள்ளாடி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. பழைய எச்எஸ்4 வகையில் அடியிலுள்ள ஆறுமுக நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்பிச் சோதியுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாத அளவுக்கு முன்பிருந்தவர் குலைத்திருந்தால், ஜெட்டை (பெட்ரோல் வரும் குழாயை) பாலத்தின், அதாவது கார்புரேட்டர் வாயினுள் பிஸ்டனுக்குக் கீழுள்ள மேட்டின், மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து 12 முகம் கீழிறக்கித் தொடங்குங்கள். மேலே டாஷ்பாட் (பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் ஆயில் உள்ள பகுதி) மூடியைக் கழற்றி ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றியிருந்தால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வண்டி திணறும்.

பெட்ரோல்

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. இந்த வண்டிக்கு அது வேண்டாம், இ5 என்று எழுதிய 97-க்கு மேற்பட்ட சூப்பர் பெட்ரோலே போடுங்கள். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து கரைக்கும். கரைந்த துகள் கார்புரேட்டரின் நீடில் வால்வில் சிக்கினால் பெட்ரோல் பொங்கிச் சூடான எக்ஸாஸ்ட் மேல் வழியும். வண்டி தீப்பிடிக்கும் வழி அதுதான். ஆகவே ஹோஸ் அத்தனையையும் எத்தனாலைத் தாங்கும், ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுவதை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 தொடக்கத்திலிருந்து விற்பனையில் இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமாக்கிய சிலிண்டர் ஹெட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஈயத்துக்குப் பதிலான சேர்க்கையைப் பெட்ரோலில் கலந்து ஓட்டலாம், அவசரமில்லை.

எஸ்யூ மின்சாரப் பம்ப் பின்சக்கரப் பக்கம் இருக்கிறது. இக்னிஷன் போட்டதும் ‘டிக் டிக் டிக்’ என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பின் உள்ளே உள்ள பாயிண்ட்டோ ஒயர் முனையோ கரிந்திருக்கும். நடுவழி என்றால் பம்பை மரக்கட்டையால் இலேசாகத் தட்டுங்கள், பெரும்பாலும் உயிர் வரும், வீடு போய்ச் சேரலாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது காற்று உறிஞ்சுகிறது.

மின்சாரம்

இந்த வண்டியில் உள்ள லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்களுக்குக் கெட்ட பெயர் உண்டு. ஆனால் கோளாறில் பெரும்பங்கு பாகத்தில் இல்லை, எர்த்திலும் ஒயர் இணைப்பிலும்தான். ஒயர் நிறங்களை மனப்பாடம் செய்யுங்கள்: பழுப்பு எப்போதும் உயிரோடு, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனிலிருந்து ஃபியூஸ் வழியாக, ஊதா எப்போதும் உயிரோடு ஃபியூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைட் லைட், கறுப்பு எர்த். குண்டு வடிவ இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, வாசலின் தடவி மாட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும்போது அதை மாட்ட மறந்துவிடுவார்கள். அப்படியானால் செல்ஃப் அடிக்கும் மின்சாரம் முழுதும் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் மந்தமாகச் சுற்றி, சோக் கேபிள் தொட்டால் சுடுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஃபியூஸில் ஒரு சூட்சுமம்: பழைய பிரிட்டிஷ் ஃபியூஸில் உள்ள 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். புது வகை 35 ஆம்பியர் ஃபியூஸ் 35-ஐத் தொடர்ந்து தாங்கும். அதைப் போட்டால் ஃபியூஸுக்கு முன் ஒயர் உருகிவிடும். 1967 கடைசிக்கு முந்தைய வண்டியில் எர்த் பாசிடிவ் என்பதையும் மறக்க வேண்டாம். சார்ஜரோ ரேடியோவோ மாட்டுமுன் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கம்பிச் சக்கரம் மாட்டும்போது

வண்டி முன்னோக்கிப் போகையில் சக்கரம் சுற்றும் திசையில் தட்டினால் நடு நட்டு கழலும், எதிர்த்திசையில் தட்டினால் இறுகும். இடது வலது மரைகள் வெவ்வேறு. ஹப்பைக் கழற்றியவர் பக்கம் மாற்றி மாட்டியிருந்தால் ஓட ஓட நட்டு தானாகக் கழலும், ஆகவே வாங்கிய அன்றே சோதியுங்கள். மாட்டுமுன் பற்களில் கிரீஸ் தடவுங்கள். புதிதாக மாட்டி 50 மைல் ஓட்டிய பிறகு மறுபடி சுத்தியலால் தட்டி இறுக்கம் பாருங்கள்.

குளிர்காலம்

மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருந்தால், நிறுத்துமுன் ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் பேரிங்கைத் தின்னும். அடிப்பாகத்தை நன்னீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, சில் பெட்டிக்குள் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். கதவடி வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதீர்கள், பின் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வைத்தால் கிளட்ச் பிளேட் ஒட்டாது. பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே வேர்த்து நிற்கும், காற்றுப்போகும் துணி உறைதான் வேண்டும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டி அணைப்பது உபகாரமில்லை, கெடுதல். எஞ்சின் சூடாகாததால் ஆயிலில் நீர் சேரும், எக்ஸாஸ்ட் உள்ளிருந்து துருப்பிடிக்கும். காய்ந்த, சாலையில் உப்புத் தூவாத நாள் ஒன்று கிடைத்தால் 20 மைல் ஓட்டிவிட்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் தொடாமல் விடுங்கள். வசந்தத்தில் எடுக்கும்போது பிளக்கைக் கழற்றி, பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடித்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நூறு அடியில் பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு எடுங்கள்.